குதிரைக்குக் குளிருமா? மழைக்காலத்தில் லாயமா, வெட்டவெளியா... 700 வருஷத்துக்கு முன்னாடி பழையகாயலில் நடந்தது என்ன?

ஐப்பசி, கார்த்திகை வந்தாலே தாமிரபரணிக் கரையில் மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு கவலை என்றால், குதிரை வைத்திருப்பவர்களுக்கு ரெண்டு கவலை. உள்ளே கட்டிப்போட்டால் கால் வீங்குது, சுவரை உதைக்குது, திடீர்னு வயித்து வலி வந்து புரளுது. வெளியே விட்டால் மழையில் ஊறிப்போய் நிக்குது. எதுதான் சரி?

நெல்லை, தூத்துக்குடி பக்கம் இப்போ குதிரை எங்கே இருக்குன்னு கேட்கலாம். ஜட்கா வண்டி காலம் போயாச்சு, உண்மைதான். ஆனால் கோயில் கொடை சமயத்தில் நடக்கும் குதிரை வண்டிப் பந்தயத்துக்காகவும், கல்யாண ஊர்வலத்துக்காகவும், கடற்கரை சவாரிக்காகவும் குதிரை வளர்ப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பலரும் ஆடி மாசம் ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் பார்த்துப் பார்த்து வாங்கி வருகிறார்கள். ஒரு குதிரை செத்தால் அந்த வீட்டின் பல வருஷச் சேமிப்பே போச்சு. அதனால் இது சும்மா பொழுதுபோக்குக் கேள்வி இல்லை.

இதில் இன்ஸ்டாகிராம் வேறு. வெளிநாட்டில் பனியில் நிற்கும் குதிரைக்கு அழகாகக் கம்பளிக் கோட்டு போட்டிருக்கும் ரீல்ஸைப் பார்த்துவிட்டு, நம்ம ஊரிலும் சிலர் போர்வை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். முதலில் அதைப் பேசிவிடலாம்.

பாளையங்கோட்டை குளிர், குதிரைக்குக் குளிரா?

இல்லை. குளிர்காலத்துக் காலநிலைக்குப் பழகிய, நல்ல உடம்போடு இருக்கும் வளர்ந்த குதிரைக்கு, காய்ந்த நிலையில் சுமார் 5 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கூடுதல் முயற்சி எதுவுமே தேவைப்படாது. அதற்குக் கீழே போனால்தான் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள அது தனியாகச் சக்தி செலவழிக்க வேண்டும். கடும் குளிர் நாடுகளில் பழகிய குதிரைகளுக்கு இந்த எல்லை மைனஸ் 15 வரை இறங்கும். சைபீரியாவின் யாகுட் குதிரைகள் மைனஸ் 50 டிகிரியிலும் வெட்டவெளியிலேயே நின்று, குளம்பால் பனியைத் தோண்டி அடியில் இருக்கும் புல்லைத் தின்கின்றன. பாளையங்கோட்டையில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நமக்குத்தான் அது குல்லா போடும் குளிர்.

குதிரை எப்படித் தாங்குது? அதன் வயிற்றுக்குள்ளேயே ஒரு அடுப்பு எரிகிறது. பெருங்குடலிலும் அதை ஒட்டிய பெரிய பையிலும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் புல்லையும் தட்டையையும் நொதிக்க வைக்கின்றன. அந்த நொதித்தலில் வரும் சூடு உடம்பு முழுக்கப் பரவுகிறது. கொள்ளை விட (நம்ம ஊரில் காணம்னு சொல்வோம்) நார்த்தீவனம்தான் உடம்பைச் சூடாக வைக்கும் என்பதற்குக் காரணம் இதுதான். கூடவே, குளிர் பட்டதும் ரோமம் சிலிர்த்து எழும்பி, இடையில் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது ஒரு இயற்கைப் போர்வை. அதன் மேல் நாம் கம்பளியைப் போட்டு அமுக்கினால், சிலிர்க்க வேண்டிய ரோமம் படிந்துவிடும். நம்ம ஊர் ஈரக்காற்றில் உள்ளே வியர்த்து, தோல் ஊறி, புண்தான் மிச்சம்.

உண்மையில் நம்ம ஊர்க் குதிரையின் பிரச்சினை நேரெதிர். 25 டிகிரியைத் தாண்டினாலே குதிரை உடம்பு சூட்டை வெளியேற்றப் பாடுபட ஆரம்பிக்கும். மழைக்காலத்திலும் பகலில் 30 டிகிரி வருகிற ஊர் இது. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் சூடு இறங்காது. நாலு பக்கமும் சுவர், மேலே தகரம், ஒரே ஒரு சின்ன ஜன்னல் என்று கட்டிய லாயத்தில் அது என்ன பாடு படும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்போ மழை? ஒண்ணும் செய்யாதா?

செய்யும். ரோமம் நனைந்து படிந்துவிட்டால் அந்த இயற்கைப் போர்வை வேலை செய்யாது. அதோடு வாடைக்காற்றும் சேர்ந்தால், குட்டிகள், வயசான குதிரைகள், எலும்பும் தோலுமாக இருப்பவை நடுங்க ஆரம்பிக்கும். நல்ல உடம்புள்ள குதிரை ஒரு மழைக்கு நனைந்தால் ஒன்றும் ஆகாது. நாள் கணக்கில் காயாமல் நனைந்துகொண்டே இருந்தால்தான் வம்பு. முதுகில் பொருக்கு பொருக்காகக் கட்டி, பிய்த்தால் ரோமக் கொத்தோடு வருகிற தோல் நோய் அப்படித்தான் வருகிறது. சேணம் போடும் இடத்தில் வந்தால் வாரக் கணக்கில் குதிரையை வண்டியில் பூட்ட முடியாது.

அதைவிட மோசம் கால் கீழே இருக்கும் சகதி. சாணியும் மூத்திரமும் மழைத் தண்ணியும் கலந்த சேற்றில் நின்றால், குளம்பின் அடியில் இருக்கும் மெத்தென்ற பகுதி அழுகி, கறுத்து, நாற்றம் அடிக்கும். இது வெளியே நிற்கும் குதிரைக்கு மட்டும் வருவது இல்லை. கழுவாத, வடிகால் இல்லாத லாயத்துக்குள் நிற்கும் குதிரைக்கும் இதே கதிதான்.

சரி, இதையெல்லாம் இன்றைக்குக் கால்நடை மருத்துவம் சொல்கிறது. ஆனால் லாயமா வெளியா என்ற கேள்விக்கு இதே தாமிரபரணிக் கரையில் 700 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு பெரிய, ரொம்பச் செலவு பிடித்த பரிசோதனை நடந்து முடிந்திருக்கிறது.

பழையகாயலுக்கு வந்த அரபிக் குதிரைகள்

தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது பழையகாயல். இப்போது தூத்துக்குடி மாவட்டம். 1986 வரைக்கும் இது திருநெல்வேலி மாவட்டம்தான். இன்றைக்கு உப்பளமும் பனையும் வாழையுமாக இருக்கும் இந்த ஊர், 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர்களின் பெரிய துறைமுகம். ஆற்று வண்டல் படியப் படியக் கடல் தள்ளிப்போய், துறைமுகம் கரையேறிவிட்டது. பிஷப் கால்டுவெல் இங்கே தேடி அலைந்து, சீனப் பீங்கான் ஓடுகள் கிடப்பதைப் பார்த்து, மார்கோ போலோ சொன்ன காயல் இதுதான் என்று எழுதினார். அவருடைய திருநெல்வேலி வரலாறு நூல் வெளிவந்த வருஷம் 1881.

மார்கோ போலோ இந்தப் பக்கம் வந்தது 1292-ஐ ஒட்டி என்று சொல்வார்கள். அப்போது ஆண்டவர் மாறவர்மன் குலசேகர பாண்டியன். ஹோர்முஸ், கிஷ், ஏடன் என்று மேற்கே இருந்து வரும் கப்பல்கள் எல்லாம் காயலில்தான் நிற்கும், அதில் முக்கியமான சரக்கே குதிரைதான் என்கிறார் போலோ. ஒரு ராஜாவே வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார், அவருடைய 4 சகோதரர்களும் அதே மாதிரி வாங்குகிறார்கள், ஆனால் வருஷக் கடைசியில் 100 கூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். காரணமும் அவரே சொல்கிறார்: குதிரையைப் பராமரிக்கத் தெரியவில்லை, லாடம் அடித்து வைத்தியம் பார்க்கும் ஆட்களும் இல்லை. குதிரை வியாபாரிகள் அப்படிப்பட்ட ஆட்களைக் கூட்டி வருவதும் இல்லை, வேறு யாரையும் வரவிடுவதும் இல்லையாம். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த வருஷம் வியாபாரம்!

இன்னொரு பதிவு, பாரசீக வரலாற்று ஆசிரியர் வஸ்ஸாஃப் எழுதியது. இவர் இங்கே வந்தவர் இல்லை. ஆனால் கணக்கு வழக்கை விலாவாரியாக எழுதியிருக்கிறார். கிஷ் தீவின் பெரிய வியாபாரி ஜமாலுதீன், வருஷத்துக்கு 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம். ஒரு குதிரைக்கு விலை 220 செம்பொன் தினார். கடலில் வரும் வழியில் குதிரை செத்தாலும் அதற்கும் பாண்டிய கஜானா பணம் கொடுக்க வேண்டும். மற்ற பாரசீக வளைகுடாத் துறைமுகங்களையும் சேர்த்தால் ஒரு காலத்தில் 10,000 குதிரைகள், மொத்தம் 22 லட்சம் தினார் என்பது அவர் சொல்லும் கணக்கு. இந்தப் பணத்தில் ஒரு பகுதி கோயில் சொத்து வருமானத்தில் இருந்து போனது என்றும் சொல்கிறார்.

பாண்டியன் கஜானாவும் குதிரையும் என்றதும் உங்களுக்கு வேறு ஒரு கதை ஞாபகம் வந்திருக்குமே? மாணிக்கவாசகரேதான். குதிரை வாங்க அரசன் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்தது, சிவபெருமான் நரியைப் பரியாக்கிக் கொண்டு வந்தது, ராத்திரி லாயத்தில் கட்டியதும் அவை மறுபடி நரியாகிப் பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடியது. காலையில் லாயத்தில் குதிரை இல்லை, காசும் இல்லை. அந்தப் புராணத்தைக் கேட்ட பாண்டிய நாட்டு ஜனங்களுக்கு இந்தப் பதற்றம் ரொம்பவே பழக்கப்பட்டதாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

40 நாள் கட்டிப்போட்டால் என்ன ஆகும்?

வஸ்ஸாஃப் சொல்வதில் நமக்கு முக்கியமான இடம் இதுதான். கப்பலில் வந்து இறங்கிய குதிரைக்குப் பச்சைத் தானியம் கொடுக்காமல், வறுத்த வாற்கோதுமையும் நெய் கலந்த தானியமும் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைக்கிறார்கள். பிறகு கொழுக்க வேண்டும் என்பதற்காக 40 நாள் லாயத்தில் கயிறும் முளையுமாகக் கட்டிப்போடுகிறார்கள். அதற்கப்புறம் பழக்காமல் கொள்ளாமல் ஏறி, பேய் மாதிரி விரட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் காற்றாய்ப் பறந்த குதிரை ஒன்றுக்கும் உதவாமல் போய்விடுகிறது. போலோவோ, இங்கே குதிரைக்கு இறைச்சியும் சோறும் சேர்த்து வேகவைத்துக் கொடுக்கிறார்கள் என்கிறார்.

இதை அப்படியே நம்பலாமா? போலோவுக்குச் செய்தி சொன்னவர்களில் குதிரை வியாபாரிகளும் இருந்திருப்பார்கள். தங்கள் சரக்கு செத்ததற்கு வாங்கியவன் மேல் பழி போடுவது வியாபாரிக்குப் புதிதா என்ன! அரபு நாட்டு வறண்ட காற்றில் வளர்ந்த குதிரை, வாரக் கணக்கில் கடலில் ஆடி வந்து, இந்த ஈர வெக்கையில் இறங்கியதே பாதி உயிரை எடுத்திருக்கும். எண்ணிக்கையிலும் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் ஒருவர் வெனிஸ்காரர், இன்னொருவர் ஷிராஸ்காரர். ரெண்டு பேரும் தனித்தனியாகப் பராமரிப்பைத்தான் குறை சொல்கிறார்கள். அந்தப் பராமரிப்பு விவரத்தை இன்றைய கால்நடை மருத்துவத்தோடு வைத்துப் பார்த்தால் பொருந்தித்தான் போகிறது.

குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு ரொம்பச் சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். அதனால்தான் விட்டால் ஒரு நாளில் 14, 16 மணி நேரம் மேய்ந்துகொண்டே இருக்கிறது. அதைக் கட்டிப்போட்டு ரெண்டே வேளை கனமான தீனி வைத்தால், இடைப்பட்ட நேரத்தில் அமிலம் இரைப்பையைப் புண்ணாக்கும். தானியம் அளவுக்கு மீறிப் பெருங்குடலுக்குப் போனால் நொதித்தல் தாறுமாறாகி வாயு கட்டும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது உள்ளேதான். வயிற்று வலியில் தரையில் புரண்டு, குடல் முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். அதே தானியக் கோளாறு குளம்புக்குள் இருக்கும் எலும்பைப் பிடித்திருக்கும் சதைப்பற்றை வீங்க வைத்து, நிரந்தரமாக நொண்டியாக்கவும் செய்யும்.

அடுத்தது தசை. பழைய காலத்து ஐரோப்பாவில் வண்டிக் குதிரைகளுக்கு "திங்கட்கிழமை நோய்" என்று ஒன்று வரும். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, ஆனால் தீனி மட்டும் முழுசாக வைப்பார்கள். திங்கட்கிழமை காலையில் வண்டியில் பூட்டி நாலு தெரு போவதற்குள் பின் தொடைத் தசை கல் மாதிரி இறுகி, வியர்த்து ஊற்றி, காப்பித் தூள் நிறத்தில் மூத்திரம் போகும். தசை உடைந்து அதன் நிறமி சிறுநீரகத்துக்குப் போவதுதான் காரணம். ஒரு நாள் ஓய்வுக்கே இப்படி என்றால், 40 நாள் நெய்யும் பாலும் தானியமுமாகக் கட்டிவைத்துவிட்டு 41-ஆம் நாள் விரட்டினால்? பாண்டியன் குதிரைகளுக்கு இதுதான் வந்தது என்று இப்போது யாரும் சான்றிதழ் கொடுக்க முடியாது. ஆனால் ஒரு குதிரைக்கு அந்த நோயை வரவழைக்க வேண்டும் என்றால் செய்ய வேண்டியது கிட்டத்தட்ட இதேதான்.

பந்தயக் குதிரை வைத்திருக்கும் தம்பிமார்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கணும். மழைக்காலத்தில் பந்தயம் இல்லை, ஓட்டம் இல்லை. ஆனால் "தை மாசம் ஓடணும்ல, உடம்பு ஏறட்டும்" என்று காணமும் முட்டையும் பேரீச்சையும் குறைக்காமல் வைப்பதும், பொங்கலுக்குப் பிறகு முதல் நாளே முழு வேகத்தில் விரட்டுவதும் பழையகாயல் லாயத்து வேலைதான். வேலை குறைந்தால் அன்றைக்கே தானியத்தைக் குறைத்து, புல்லையும் தட்டையையும் கூட்டணும். மலிவாகக் கிடைக்கிறதே என்று நெல் தவிட்டை அள்ளிப்போடுவதும் ஆபத்து. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. மாசக் கணக்கில் அதையே தின்றால் எலும்பில் இருக்கும் சுண்ணாம்பு கரைந்து முகம் புடைத்துப்போகும்.

சரி, அவிழ்த்து விட்டுடலாமா?

அங்கேதான் நம்ம ஊர்ச் சிக்கல். இங்கிலாந்துக்காரர் "குளிர்காலத்திலும் குதிரையை வெளியே விடு" என்று சொல்லும்போது அவர் மனசில் இருப்பது வேலி போட்ட பல ஏக்கர் புல்வெளி. தாமிரபரணிப் பாசனத்தில் ஐப்பசி முதல் மாசி வரை பிசான சாகுபடி. வயல் முழுக்கத் தண்ணியும் நெல்லும். மேய்ச்சல் என்றால் குளத்தங்கரை, ஓடைக்கரை, ஊர்ப் பொட்டல் அவ்வளவுதான். முன்னங்காலில் தளை போட்டு விட்டால் நைட்டு ரோட்டுக்கு வந்து நிற்கும். இருட்டில், மழையில், நாலு வழிச் சாலையில் ஒரு குதிரை நின்றால் அதன் உயிரும் போகும், பைக்கில் வருகிறவர் உயிரும் போகும்.

இந்த விஷயத்தில் திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் யோகம். செம்மணலில் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணி நிற்காது, குளம்பு காய்ந்தே இருக்கும். ஆனால் அங்கே தீவனத்தைத் தரையில் போடக் கூடாது. தின்னும்போது மணலும் சேர்ந்து போய்ப் பெருங்குடலில் படிந்து, அதுவே வயிற்று வலியாகும். தொட்டியிலோ சாக்கு விரித்தோ வைக்க வேண்டும்.

வெளியே விடுவதில் இன்னொரு ஆபத்து, கடிக்கிற ஈ. மழைக்காலத்திலும் மழை விட்ட பிறகும் மாட்டு ஈ பெருகும். இது ரத்தம் குடிக்கும்போது ஒரு நுண்ணுயிரியைக் குதிரைக்குள் ஏற்றிவிடும். விட்டு விட்டுக் காய்ச்சல், கால் வீக்கம், நல்லாத் தின்றும் உடம்பு உருகிப்போவது இதன் அடையாளம். "சர்ரா" என்று பெயர். 1880-ல் பஞ்சாபில் கிரிஃபித் எவான்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர்தான் குதிரை, ஒட்டக ரத்தத்தில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். கவனிக்காமல் விட்டால் குதிரை பிழைப்பது கஷ்டம். சரியான நேரத்தில் ரத்தப் பரிசோதனை செய்தால் மருந்து இருக்கிறது.

ஆக, தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்குச் சரிப்பட்டு வருவது ரெண்டுக்கும் நடுவில் ஒன்று: பகலில் மழை விட்ட நேரம் எல்லாம் வெளியே, மழைக்கு ஒதுங்கப் பாதி திறந்த கொட்டகை. வடகிழக்குப் பருவமழை என்பதால் சாரலும் வாடையும் அந்தத் திசையில் இருந்துதான் அடிக்கும். வடக்கையும் கிழக்கையும் ஓலைத் தட்டியோ சுவரோ வைத்து மறைத்து, தெற்கையும் மேற்கையும் திறந்து விட்டால் போதும். தகரத்தை விட ஓலை, ஓலை கிடைக்கவில்லை என்றால் ஓடு. தரை சுற்றுப்புறத்தை விட அரை அடியாவது உயரமாக, சரிவாக இருக்கணும். மேலே ஆற்று மணலோ காய்ந்த வைக்கோலோ. உள்ளே போனதும் மூத்திர நெடி கண்ணில் ஏறினால், அந்தக் காற்றைத்தான் குதிரை ராத்திரி முழுக்க இழுக்கிறது என்று அர்த்தம். கட்டுகிற கயிறு, குதிரை படுத்து எழுந்திருக்கும் அளவுக்காவது நீளமாக இருக்கட்டும். நியாயமற்ற அளவுக்குக் குட்டையான கயிற்றில் நீண்ட நேரம் கட்டிவைப்பது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

மேய்ச்சலுக்கு இடமே இல்லையா? தினமும் ஒரு மணி நேரமாவது நடக்க வைத்து, தீவனத்தை ரெண்டு வேளைக்குப் பதில் நாலு, அஞ்சு வேளையாகப் பிரித்து வையுங்கள். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வைக்கோலை மாடு தின்கிறதே என்று குதிரைக்கும் போடாதீர்கள். குதிரையின் நுரையீரலும் வயிறும் அதைத் தாங்காது. தினமும் சாயங்காலம் நாலு குளம்பையும் தூக்கிச் சுத்தம் செய்து பார்ப்பது அஞ்சு நிமிஷ வேலை. சேற்றில் கிடக்கும் ஆணியும் முள்ளும் குத்தினால் ரணஜன்னி வரும். அந்த நோய் மனுஷனை விடக் குதிரைக்கு ரொம்ப எளிதாகத் தொற்றும். தடுப்பூசியை மழைக்கு முன்னாடியே போட்டுவிட வேண்டும்.

கடைசியாக, கயிறு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்து மக்கள் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை புரண்டு, குளங்கள் உடைந்து, ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்குள் தண்ணி வந்தது. கொட்டகையில் கட்டியிருந்த ஆடு மாடுகள் கட்டிய இடத்திலேயே செத்துக் கிடந்த காட்சிகளை அப்போது எல்லோரும் பார்த்தோம். அவிழ்த்து விட நேரம் இல்லாமல் போனதுதான் பல இடங்களில் நடந்தது. குதிரை நன்றாக நீந்தும், மேட்டைத் தேடிப் போகும். கழுத்தில் கயிறு இருந்தால் எதுவும் செய்ய முடியாது.

அதனால் சிவப்பு எச்சரிக்கை வந்தால், ஆற்றங்கரை, குளத்தங்கரை ஓரம் லாயம் வைத்திருப்பவர்கள் பகல் வெளிச்சம் இருக்கும்போதே குதிரையை மேட்டுக்கு மாற்றிவிட வேண்டும். முடியாவிட்டால் இழுத்ததும் அவிழும் உருவு முடிச்சு மட்டும் போடுங்கள், கதவை வெளியே பூட்டாதீர்கள். உடம்பு சரியில்லை என்றால் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிட 1962 என்ற எண் இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் நெல்லை ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குதிரை முன்னங்காலால் தரையைக் கீறி, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, தீனியைத் தொடவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கசாயம் எதையும் வாயில் ஊற்றாமல் உடனே போன் போடுங்கள்.